30 மீட்டர் வராந்தா

நான் வேலை பார்த்த மருத்துவமனையில் நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் பின்னால் ஒரு நீளமான வராந்தா உண்டு. இந்த முனையில் ஒரு ஆரஞ்சு நிறக் கூம்பு, சரியாக 30 மீட்டர் தள்ளி அந்த முனையில் இன்னொன்று. நடுவில் மூன்று மூன்று மீட்டருக்கு ஒரு டேப் ஒட்டியிருப்போம். நோயாளி இரண்டு கூம்புகளுக்கும் இடையே ஆறு நிமிடம் நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் நடந்தார் என்பதுதான் கணக்கு. பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு ஆய்வில் வேலைக்குச் சேர்ந்த என்னை முதல் வாரமே அந்த வராந்தாவில் ஸ்டாப்வாட்ச்சோடு நிறுத்தினார்கள்.

ஆய்வு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றியது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, அதாவது சி.ஓ.பி.டி. நோய் உள்ளவர்களுக்கு நடை, கை கால் பயிற்சி, உதட்டைக் குவித்து மூச்சு விடுவது, நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் சேர்ந்தது அது. கொங்குப் பக்கம் இந்த நோய்க்கு வருகிறவர்களில் பீடி குடித்தவர்கள் மட்டும் இல்லை. பஞ்சாலையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொடாமல், விறகடுப்புப் புகையிலேயே காலம் தள்ளிய பெண்களும் இருப்பார்கள். யாரும் சி.ஓ.பி.டி. என்று சொல்ல மாட்டார்கள். "வீசிங்குங்க" என்பார்கள்.

இந்தப் பயிற்சியால் பலன் உண்டா என்ற கேள்வி ஏற்கெனவே முடிந்துபோனது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2015-இல் வந்தது. அது மொத்தம் 3,822 பேர் பங்கேற்ற 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மூச்சிரைப்பு, சோர்வு, நடக்கும் தூரம் எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெளிவாக இருந்தது. வழக்கமான சிகிச்சையோடு இதை ஒப்பிட்டு இனியும் ஆய்வு நடத்தத் தேவையில்லை என்று சொல்லி அந்தக் கணக்கையே மூடிவிட்டார்கள். மருந்தில்லாத ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு உறுதியான இடம் கிடைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கும். எங்கள் கேள்வி அதற்கு அடுத்தது. ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நாள் வந்து செய்வதற்கும், வீட்டிலேயே செய்துகொண்டு வாரம் ஒரு முறை போனில் எங்களோடு பேசுவதற்கும் என்ன வித்தியாசம்? இதற்காக வந்தவர்களைக் குலுக்கல் முறையில் ஆஸ்பத்திரிக் குழு, வீட்டுக் குழு என்று இரண்டாகப் பிரித்தோம்.

மாத்திரை ஆய்வென்றால் யாருக்கு எது என்று தெரியாதபடி ஒரே நிறத்தில், ஒரே அளவில் போலி மாத்திரை செய்து கொடுத்துவிடலாம். போலி நடைக்கு எங்கே போவது? தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது நோயாளிக்குத் தெரியும், பயிற்சி தருகிறவருக்கும் தெரியும். அளந்து பார்க்கிறவரிடம் மட்டும்தான் மறைக்க முடியும். அதனால் இந்த வகை ஆய்வில் அளப்பவரின் வாய் ரொம்ப முக்கியம். நான் முதலில் சறுக்கியதும் அங்கேதான்.

ஆறு நிமிட நடைக்கு அமெரிக்க நெஞ்சக நோய்ச் சங்கம் 2002-இல் விதிமுறை எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியமே கொடுத்திருக்கிறார்கள். "நல்லா நடக்கிறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." அடுத்த நிமிடம், "அப்படியே நடங்க, இன்னும் நாலு நிமிஷம்." அவ்வளவுதான். வேறு எந்த உற்சாகமும் கூடாது. குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. கூடவே நடக்கவும் கூடாது, ஏனென்றால் நம் வேகம் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆய்வுக்கு வந்த ஒரு பாட்டிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். முதல் சோதனையில் நான்காவது நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் ஏறி இறங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், "அவ்வளவுதாம் பாட்டி, அந்தக் கூம்பு வரைக்கும் போயிட்டு வந்துடலாம், நானும் வரேன்" என்று சொல்லி ஒன்றரைச் சுற்று கூடவே நடந்துவிட்டேன். அவர் நடந்தார், நன்றாகவே நடந்தார். தாளில் தூரத்தை எழுதி முடித்ததும்தான் உறைத்தது. இந்தச் சோதனையில் ஏறக்குறைய 30 மீட்டர் கூடினால் அது நோயாளி உணரக்கூடிய முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கூம்பிலிருந்து மறு கூம்பு, அவ்வளவுதான். எட்டு வாரப் பயிற்சி தர வேண்டியதை என் ஒரு வாக்கியமே தந்திருக்கலாம். அதுவும் பயிற்சிக்கு முந்தைய அளவில். அங்கே தூரம் கூடிப்போனால், பிறகு வரும் உண்மையான முன்னேற்றம் கண்ணிலேயே படாமல் போய்விடும்.

தலைமை ஆய்வாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. விதிமீறல் படிவத்தை எடுத்துக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். பழகப் பழகத் தூரம் கூடும் என்பதால் எல்லோருக்குமே இரண்டு முறை நடை வைத்திருந்தோம். பாட்டியின் முதல் நடையைத் தள்ளிவிட்டு, வேறொருவரை வைத்துத் திரும்ப நடக்கச் சொன்னோம். பாட்டிக்கு அதில் கோபம்தான். "நல்லாத்தானே நடந்தேன் அம்மிணி?" என்றார்.

மூச்சிரைப்பை அளப்பது இதைவிடச் சிரமம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலைத்தான் பயன்படுத்தினோம். பூஜ்யம் என்றால் மூச்சிரைப்பே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத அளவு. சிலர் இதைப் பரீட்சை மார்க்காக எடுத்துக்கொண்டு, நன்றாக நடந்த சந்தோஷத்தில் "ஒன்பது போடுங்க" என்பார்கள். அப்புறம் அந்தத் தமிழ்ச் சொற்கள். மூச்சு வாங்குது, மூச்சு முட்டுது, இளைக்குது, திணறுது, நெஞ்சை அடைக்குது. ஆங்கிலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் இருந்தது. மாடி ஏறினால் வருவது மூச்சு வாங்குவது. நடுராத்திரியில் எழுந்து உட்கார வைப்பது மூச்சு முட்டுவது. "வாங்கும், ஆனா முட்டாதுங்க" என்று ஒரு பஞ்சாலைத் தொழிலாளி சொன்னார். அந்த வித்தியாசத்தை எழுத எங்கள் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

இந்த வேலையில் நான் ரொம்ப மதிக்கும் ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்தது, 2010-இல் வெளியானது. மூச்சிரைப்பு உள்ள 50 பேர். அவர்கள் கையில் ஒரு சின்ன பேட்டரி ஃபேன். ஐந்து நிமிடம் முகத்தில் காற்று, ஐந்து நிமிடம் காலில் காற்று, எது முதலில் என்பது குலுக்கலில். முகத்தில் காற்று பட்டபோது மூச்சிரைப்பு குறைந்தது. மூக்கையும் வாயையும் சுற்றியுள்ள நரம்பு குளிர்ச்சியை உணர்ந்து மூளைக்குச் சொல்வதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். மூச்சு முட்டுகிறவரை ஜன்னலோரம் உட்காரவைத்து விசிறிவிடுவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியதே பெரிது, அதைவிடக் காலில் காற்று விட்டு ஒப்பிட்ட யோசனை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே ஃபேன், அதே சத்தம், அதே கவனிப்பு, படும் இடம் மட்டும் வேறு. நடைப் பயிற்சிக்கு இப்படி ஒரு "கால்" கிடைக்காதா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

பாட்டிக்குக் குலுக்கலில் வீட்டுக் குழு வந்தது. கவரைப் பிரித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "மாத்திப் போட்டுக் குடு அம்மிணி. ரோட்டுல சும்மா நடந்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க? இங்கன்னா நாலு பேரு சேந்து நடக்கறீங்க." மாற்ற முடியாது என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. சம்மதப் படிவத்தில் இதையெல்லாம் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கியவளும் நான்தான். அன்றைக்குத் தலையாட்டினார், ஆனால் குலுக்கல் என்றால் என்ன என்பது கவர் திறக்கும்போதுதான் புரிகிறது.

வாரா வாரம் போன் செய்தேன். பத்து நிமிடம் என்பது திட்டம். எத்தனை நிமிடம் நடந்தார், எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தார் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். அவரோ மருமகள் கேஸ் அடுப்பில் தண்ணி வைக்க விடுவதில்லை, அதனால் வெளியே விறகுதான் என்று தொடங்குவார். அதைக் கேட்காமல் எப்படி வைப்பது? ஒரு வாரம் மருமகளிடமும் பேசினேன். அடுத்த வாரம் குளிக்கிற தண்ணி கேஸ் அடுப்புக்கு வந்திருந்தது. அதைச் சிகிச்சை என்று எழுதுவதா, வெறும் பேச்சு என்று விடுவதா?

ஆஸ்பத்திரிக் குழுவிலும் இதே கதைதான். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் கேன்டீனில் டீ குடிப்பார்கள். யாருக்கு எந்த பம்ப் ஒத்துக்கொண்டது, யார் மருந்து தீர்ந்தும் சொல்லாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். வராமல் நின்ற ஒருவரை இன்னொருவர் வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தார். ஆய்வுக் கட்டுரையில் சிகிச்சையை விவரிக்க 2014-இல் 12 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. யார் கொடுத்தது, எங்கே, எத்தனை முறை, எப்படி மாற்றிக்கொண்டீர்கள் என்றெல்லாம் கேட்கும். கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அந்த டீயை எதில் சேர்ப்பது என்று பெரிய விவாதம். தேவையில்லை என்றார் ஒருவர். நான் விடவில்லை. வேறு ஊரில் ஒருவர் நம் கட்டுரையைப் படித்துவிட்டு இதே பயிற்சியை, இதே எண்ணிக்கையில், டீ இல்லாமல் நடத்தினால் அது இதே சிகிச்சைதானா? கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள்.

எட்டு வாரம் கழித்துப் பாட்டி கடைசி நடைக்கு வந்தார். அவர் எந்தக் குழு என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் வராந்தா பக்கமே போகக்கூடாது. அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. "நல்லா நடக்கிறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்று ஏற்ற இறக்கமில்லாத குரல் கேட்டது. செருப்புச் சத்தம் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடத்தில் ஒரு இடத்தில் நின்றது, பிறகு திரும்பவும் கேட்டது.

முடிந்ததும் நேராக என் அறைக்கு வந்தார். "நீ ஏன் அம்மிணி வரல?" என்றார். விளக்கினேன். நான் இருந்தால் அளவு மாறிவிடும், அதனால்தான் என்றேன்.

"அப்ப நீ இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் நடந்திருப்பேன்தானே" என்றார்.

ஆமாம் என்றேன். மூன்றரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கேன்டீன் வரை மெதுவாக, இந்தத் தடவை கூடவே நடந்து போனோம்.