ஆசிரியர் நியமனக் கோப்புகள்: சில நாட்களின் குறிப்பு

பிப்ரவரி 3, 2025

வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிரியரை நியமிக்கும்போது அவருடைய பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் ஆகியவை பணி ஒப்பந்தம், பணி அனுமதி மனு, விசா விண்ணப்பம், காப்பீட்டுப் படிவம் என ஒவ்வொன்றிலும் புதிதாகத் தட்டச்சு செய்யப்படுகின்றன. ஓரிடத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் மனு திரும்பி வருகிறது. ஆசிரியரோ பழைய வேலையை விட்டுவிட்டுப் பயண நாள் தெரியாமல் காத்திருக்கிறார். விவரங்களை ஒரே பதிவில் ஒருமுறை மட்டும் வாங்கி, எல்லாப் படிவங்களையும் அதிலிருந்தே நிரப்பும் மென்பொருளை அமைக்கத் தொடங்கியிருக்கிறோம்.

பிப்ரவரி 6

கடவுச்சீட்டின் படப் பக்கத்தில், அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இயந்திரம் படிப்பதற்கென்றே உள்ளன. எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய ஒவ்வொன்றையும் அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கம் வருகிறது. அந்த விவரத்திலுள்ள ஒவ்வோர் எழுத்தின் மதிப்பையும் 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, 10ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே அது. ஆனால் பெயர் இருக்கும் முதல் வரிக்கு அத்தகைய காவல் இல்லை. குடும்பப் பெயரே இல்லாதவர்களும், திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டவர்களும் ஏராளம். கடவுச்சீட்டிலும் பட்டச் சான்றிதழிலும் பெயர் வேறுபட்டால், மென்பொருள் எதையும் ஊகிக்காமல் அதைச் சுட்டிக்காட்டி நிற்க வேண்டும். விளக்கம் ஆசிரியரிடமிருந்தே வரட்டும்.

பிப்ரவரி 12

ஓர் ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக, அதை வழங்கிய நாட்டின் அதிகாரிகள் இணைத்துத் தரும் சான்றான அப்போஸ்டில் பற்றியே இன்று முழுவதும் பேசினோம். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை வகுத்த அந்தச் சான்று, எண்ணிட்ட பத்து விவரங்களோடு எங்கும் ஏறக்குறைய ஒரே வடிவில் இருப்பதால் அதைப் படிப்பது கடினமில்லை. எந்த நாட்டுக்கு அது போதும், எதற்குத் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும் என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கிறது. சீனாவில் அந்த உடன்படிக்கை 2023 நவம்பர் 7இலும், கனடாவில் 2024 ஜனவரி 11இலும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஒவ்வொரு விதியையும் அது செல்லுபடியாகத் தொடங்கும் தேதியோடு சேர்த்தே பதிகிறோம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அப்போஸ்டில் உறுதிப்படுத்துவது கையொப்பத்தையும், ஒப்பமிட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டுமே; சான்றிதழில் எழுதியிருப்பது உண்மை என்று அது சொல்வதில்லை. எனவே அப்போஸ்டில் இருந்தால் 'பட்டம் சரிபார்க்கப்பட்டது' என்று திரையில் காட்டும் யோசனையை நான் ஏற்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பதில் வந்த பிறகே அந்தச் சொல் தோன்ற வேண்டும்.

பிப்ரவரி 14

காவல்துறை நன்னடத்தைச் சான்றை முன்கூட்டியே வாங்கினால் விசா விண்ணப்பத்துக்குள் காலாவதியாகிவிடும். தாமதித்தால் வந்து சேராது. பணியில் சேரும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நினைவூட்டல் அனுப்புவதை மென்பொருளிடமே விட்டுவிடலாம்.

பிப்ரவரி 20

விண்ணப்பதாரரைப் பற்றிப் பரிந்துரையாளர்களிடம் விசாரிப்பதையும் தானியக்கமாக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. விண்ணப்பதாரர் கொடுத்த மின்னஞ்சலுக்குப் படிவம் போய், நிரம்பி வந்தால் பணி முடிந்தது என்பது அந்த யோசனை. குழந்தைகளோடு தனித்திருக்கப் போகிறவரைப் பற்றிய விசாரணையை அப்படி முடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. முகவரியைத் தந்தவரே விண்ணப்பதாரர் என்பதால், பதில் யாரிடமிருந்து வந்தது என்று படிவத்தால் அறிய முடியாது. முன்பு பணியாற்றிய பள்ளியின் எண்ணை நாமே தேடிப் பேசி, இவரை மீண்டும் பணியில் சேர்ப்பீர்களா, குழந்தைகளின் பாதுகாப்பு குறித்துக் கவலை எழுந்ததுண்டா என்று கேட்க வேண்டும். தயக்கமான ஒரு பதிலின் பொருளைப் பேசுகிறவர்தான் உணர்வார். அழைப்பைச் செய்தவரின் பெயரும் கேட்டறிந்ததன் குறிப்பும் பதிவாகாமல் ஒப்பந்தம் உருவாகாதபடி மென்பொருளில் தடை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் அது சோதனைக்கு வருகிறது.