30க்கும் 20க்கும் நடுவில்

மார்ச் 3
பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. நான்காம் கட்டம். இனி கட்டி சுருங்கினாலும் கோப்பில் அந்த எண் மாறாதாம். கண்டுபிடித்த அன்று எழுதியதுதான் கடைசி வரை.

மார்ச் 6
தம்பி தூங்கியதும் இணையத்தைத் திறந்தேன். ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் என்று ஒரு கணக்கு. ஐந்தாண்டு இருந்தார்களா என்று பார்க்க ஐந்தாண்டு ஆகுமே! அப்படியானால் அதில் இருப்பவர்கள் எல்லாரும் எனக்கு முன்பே நோய் கண்டவர்கள். அன்றைக்கு இருந்த மருந்தை ஏற்றிக்கொண்டவர்கள். அந்தக் கணக்கில் நான் இல்லை. வக்கீல் வாதம்தான். ஆனாலும் தூக்கம் வந்தது.

மார்ச் 21
நேற்று கீமோ. ஆக்சாலிபிளாட்டின் என்ற அந்தக் கீமோ மருந்து உள்ளே போனால் குளிர்ச்சி ஆகாது என்று செவிலியர் சொல்லித்தான் அனுப்பினார். காலையில் பிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்ததும் விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியது. ஒரு மிடறு விழுங்கியதும் தொண்டை இறுகிக்கொண்டது. இப்போது பிரிட்ஜ் கைப்பிடியில் கம்பளிக் கையுறை தொங்குகிறது. அதை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், “யார் வீட்டில் கொள்ளையடிக்கப் போகிறாய் அக்கா?” என்கிறான் தம்பி.

ஏப்ரல் 9
பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல், “மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள், பாதி நோய் ஓடிவிடும்” என்கிறார்கள். ஓடவில்லை என்றால் அதுவும் என் குற்றமா? டாக்டரிடமே கேட்டேன். அழுவதால் கட்டி வளராது என்றார். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

மே 18
நாளை ஸ்கேன் முடிவு. யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன்.

மே 19
“நிலையாக இருக்கிறது” என்றார் டாக்டர். நிலையாக என்றால்? அளவெடுத்த கட்டிகளின் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால்தான் சுருக்கம் என்று எழுதுவார்கள். 20 சதவீதமாவது கூடினாலோ புதிதாக ஒன்று முளைத்தாலோ வளர்ச்சி. நடுவில் இருப்பதெல்லாம் ‘நிலை’. எனக்கு 41 மில்லிமீட்டர் 38 ஆகியிருக்கிறது. அளவெடுப்பதிலேயே அந்த வித்தியாசம் வரலாம் என்றும் சொல்லிவிட்டார், நல்ல மனிதர். புதிதாக எதுவும் இல்லை. அதே மருந்து தொடரும். அழிந்துவிட்டது என்று கேட்கப் போனவள், வளரவில்லை என்பதற்கு மகிழப் பழக வேண்டியிருக்கிறது. மாலைக்குள் ஓரளவு பழகிவிட்டேன்.

மே 23
டிசம்பர் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்று தம்பி கேட்டான். கீமோ வாரத்தில் வராமல் பார்த்துக்கொள், ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் டிக்கெட்டாக எடு என்றேன். அது விலை கூடுதல் என்றான். இருக்கட்டும். ஜன்னலோர இருக்கை எனக்கு.