மரைக்குத் தெரியாமல் மரை அருகில்: இதுவரை பழகியது

ஓய்வு கிடைக்கும் நாளெல்லாம் இப்போது ஒரே காரியத்துக்குத்தான் போகிறது. மிளா, கடமான் என்றும் சொல்லப்படும் பெரிய மானான மரையின் மூக்குக்கும் காதுக்கும் படாமல் அதன் அருகே போய்ச் சேர வேண்டும். கையில் இருப்பது 300 மி.மீ. லென்ஸ் மாட்டிய பழைய கெமரா. இலங்கையின் 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரை பாதுகாக்கப்பட்ட விலங்கு, வேட்டையாடுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் சுட எனக்கு மனம் வராது. ஆனால் விசையை அழுத்துகிற நொடி வரைக்கும் வேட்டைக்காரன் செய்கிற வேலை இருக்கிறதே, தடம் எடுப்பது, காற்றுப் பார்ப்பது, மூச்சடக்கிக் காத்திருப்பது, அந்த வித்தை அப்படியே எனக்கு வேண்டும்.

போகிற இடம் இரண்டு. ஒன்று, ஒஹிய பக்கம் தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் ஓரம். தோட்டத்தில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு தேயிலை எல்லைக்குள்ளேயே நிற்பேன், காட்டுக்குள் இறங்குவதில்லை. மற்றது ஹோட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, 3,160 ஹெக்டேயர் புல்வெளியும் முகில்காடும். 1988இல் தேசியப் பூங்காவாகியது. அங்கே பாதையை விட்டு விலகக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு எனக்கு நல்லதாகவே போயிற்று. நான் மரையைத் தேடிப் போக முடியாது, அது வரப்போகிற இடத்தை முன்கூட்டியே கணித்து நிற்க வேண்டும்.

வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் மனிதர் கையிலிருந்து பாண் வாங்கித் தின்னும் கலைமரைகளை (கொம்புள்ள ஆண் மரைகளை) படம் எடுப்பதை நான் விட்டுவிட்டேன். அவற்றைப் பார்க்க மனம் வலிக்கிறது. பொலித்தீன் பையோடு சேர்த்து விழுங்கிச் செத்த மரைகள் உண்டு. பூங்கா வாசலில் பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றி வாங்கும் ஊழியர்களிடம் முகம் சுளிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரைக்குத் தீனி போடாதீர்கள்.

எனக்குப் பாடம் சொன்னவர் பெரியப்பா. இளவயதில் நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போனவர், அதை விட்டுப் பல காலமாகிறது. நான் கெமராவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தியா தம்பி? மரை எங்க நிக்குதுன்னு அப்புறம் பார்க்கலாம்.” அடுப்புச் சாம்பலைச் சலித்து ஒரு சின்னத் துணி முடிச்சில் கட்டிக் கொடுத்தார். விரலால் சுண்டினால் புகைபோல ஒரு இழை வரும். அது சாயும் பக்கம்தான் நம் வாடை போகும் பக்கம்.

மலைச்சரிவில் காற்று நேரம் பார்த்து நடக்கிறது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று ஓடை வழியே கீழே இறங்கும். விடிந்த பிறகும் வெயில் ஏறும்வரை அப்படித்தான். சரிவு சூடானதும் அது மேல்நோக்கித் திரும்பும். அதனால் விடியலில் கீழே மேயும் மரையை மேலிருந்து இறங்கிப் பிடிக்க நினைப்பது வீண். நமக்கு முன்னால் நம் வாடை போய்ச் சேர்ந்துவிடும். கீழேயிருந்து ஏற வேண்டும், வெயில் வந்த பிறகு மேலேயிருந்து இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் சாம்பல் எந்தப் பக்கமும் போகாமல் சுழலும். அப்போது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது. முகட்டைத் தாண்டி வரும் காற்று பள்ளத்தில் விழுந்து திரும்பி அடிக்கும்.

தடம் பார்ப்பது இப்போது ஓரளவு கைவந்திருக்கிறது. ஈரமண்ணில் பன்றியின் குளம்புக்குப் பின்னால் பக்கத்துக்கொன்றாக இரண்டு சின்னக் குழி விழும். மரைக்குக் கெட்டியான மண்ணில் முன்குளம்பு இரண்டும் மட்டும்தான், நீண்டு, நுனி கூராக. விளிம்பு உதிராமல் இருந்து குழிக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தால் அது போய் அதிக நேரமில்லை. புழுக்கை பளபளவென்று ஈரமாக இருந்தாலும் அப்படித்தான். இளமரத்தில் பட்டை உரிந்து, நார் தொங்கி, பால் இன்னும் காயாமல் இருந்தால் கொம்பு தேய்த்த கலைமரை பக்கத்தில் எங்கோ நிற்கிறது.

போன பனிக்காலத்தில் கிடைத்த காட்சியை எழுதியே ஆக வேண்டும். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்த காலை, பட்டிப்பொல வாசல் வழியே ஹோட்டன் சமவெளிக்குள் போய்ப் பாதையோரம் கீன மரங்களின் மறைவில் நின்றேன். பள்ளத்திலிருந்து கலைமரை ஒன்று ஏறி வந்தது. பக்கத்துக்கு மூன்று கிளை விட்ட கொம்பு, கழுத்து மயிரில் காய்ந்த சேறு. கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பி திறந்து மூடுவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. என்னை நேராகப் பார்த்தது. அசையாமல் நிற்கும் உருவத்தை மரை சுலபமாகக் கண்டுபிடிப்பதில்லை, அசைவைத்தான் பிடிக்கும். ஒரு காது என் பக்கம், மறு காது காட்டுப் பக்கம். முன்காலால் நிலத்தை ஒரு தட்டு. வாலைத் தூக்கியது. அப்புறம் அந்தச் சத்தம், மலை முழுக்க எதிரொலிக்கும் ஒற்றைக் கத்தல். அது கத்தியது என்னைப் பார்த்தல்ல, காட்டைப் பார்த்து. அங்கே சிறுத்தை இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்தச் சமவெளியில் சிறுத்தைக்கு முக்கிய இரை மரைதான். கிடைத்த படத்தில் கொம்பின் ஒரு கிளை பனிமூட்டத்தில் மங்கிப்போயிருக்கிறது. அதையேதான் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

இதே மலையில் 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தை ஏவி மரையைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றார். ஹோட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர்தான். வெள்ளைக்காரர் காலத்துத் துப்பாக்கிகள் அந்தச் சமவெளியிலிருந்து யானையை முற்றாகத் துடைத்துவிட்டன. மரை தப்பியிருப்பது பெரிய பாக்கியம்.

இன்று பயம் கம்பிச் சுருக்குதான். பன்றிக்கென்று தேயிலை ஓரத்தில் வைப்பதில் மரையும் மாட்டும், சிறுத்தையும் மாட்டும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்டெடுத்தும் பிழைக்கவில்லை. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிளறிவிட்டுப் போனால் குடும்பத்துக்கு என்ன இழப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சுருக்கு ஆளைப் பார்த்து இறுகுவதில்லை. தடம் பார்க்கப் போகும்போது சுருக்குக் கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லிவிடுவேன். இந்தப் பழக்கத்தில் இறங்குகிற எல்லோரும் அதைச் செய்ய வேண்டும்.

அடுத்து, கொம்பு உதிர்ந்து புதுக்கொம்பு மயிர்த்தோலோடு முளைக்கும் பருவத்தை ஒரே கலைமரையில் தொடர்ந்து பார்க்க நினைக்கிறேன். இடக்காதில் கிழிசல் உள்ள ஒன்றைத் தேயிலை ஓரத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன். கெமராவின் ஷட்டர் சத்தத்துக்கு அது தலை தூக்குகிறது, அதனால் சத்தமில்லாத கெமரா ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். சாம்பல் முடிச்சு தீர்ந்துவிட்டது, பெரியப்பா வீட்டுக்குப் போய் இன்னொன்று வாங்கி வர வேண்டும்.