விளிம்பில் வெடிக்கும் பிளாஸ்மா

அணுக்கரு இணைவுக்காகப் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற மிகச் சூடான வாயுவை, காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளையக் கருவிதான் டோகமாக். அதில் பிளாஸ்மா சூட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் 'எச்-மோட்' நிலை 1982-ல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் கருவியில் தெரியவந்தது. அதோடு ஒட்டி வந்த தலைவலிதான் 'எல்ம்' எனும் விளிம்பு வெடிப்பு. விளிம்பில் சில சென்டிமீட்டருக்குள் அழுத்தம் செங்குத்தாக ஏறும், தாங்காதபோது வெடிக்கும். ஒரு மில்லிவினாடிக்குள் பிளாஸ்மா ஆற்றலில் சில சதவீதம், வெளியேறும் வெப்பத்தையும் துகள்களையும் வாங்கும் டைவர்ட்டர் தகட்டில் போய் விழும். பிரான்சில் கட்டப்பட்டுவரும் மாபெரும் டோகமாக்கான ஐட்டரின் அளவில் அது தகட்டிலுள்ள டங்ஸ்டனின் மேற்பரப்பையே உருக்கக்கூடியது.

அதனால்தான் ஐட்டர் கலனுக்குள்ளேயே 27 மின்காந்தச் சுருள்கள், மூன்று வரிசையாக. அவை முதன்மைக் காந்தப்புலத்தில் உண்டாக்கும் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு நெளிவு போதும், வெடிக்கும் எல்லையைத் தொடுமுன்பே அழுத்தம் கசிந்துவிடும். அமெரிக்காவின் டி-த்ரீ-டி கருவியில் இது நடந்து காட்டப்பட்டது.

ஆனால் சுருள்களின் மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போக முடியாது. விளிம்பில் காந்தக்கோடுகளின் முறுக்கு ஒரு குறுகிய வரம்புக்குள் பொருந்த வேண்டும், இல்லையென்றால் எல்ம் அடங்காது. நெளிவு மிஞ்சினால் அடர்த்தி சரியும். அதையும் மீறினால் நெளிவு மையம்வரை நுழைந்து, பிளாஸ்மாவின் சுழற்சியை நிறுத்தி, மொத்தத்தையும் குலைத்துவிடும்.