வெண்கட்டி முறிந்த கோணம்

எண்பதுகளில் நம் கல்லூரியில் உயர்தரம் கணிதம் படித்தவர்களுக்கு எங்கள் பிரயோக கணித சேரை மறக்க முடியாது. காவிகள் (பருமனும் திசையும் கொண்ட கணியங்கள், vectors) பாடத்தில் கரும்பலகையில் ஓர் அம்பு கீறி, அச்சுகள் போட்டு, ஒவ்வோர் அச்சின் வழியேயும் அம்பின் பங்கான கூறுகளைக் கணிப்பார். பிறகு அச்சுகளை மட்டும் அழித்து, சரித்துக் கீறுவார். "கூறு மாறிப்போச்சு. அம்பு மாறினதோ?" என்பார்.

ஒருநாள் வெண்கட்டி ஒன்றை வளைத்து முறித்தார். குறுக்கே நேராக முறிந்தது. இன்னொன்றை இரு முனையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்கினார். முறிவு சுருளாகச் சரிந்து, ஏறத்தாழ 45 பாகையில் போனது. ஏன் 45 என்று கேட்டார், மணி அடித்துவிட்டது.

விடை தகைப்பு டென்சரில் (stress tensor) இருக்கிறது. தகைப்பு என்பது பொருளுக்குள் ஓரலகு பரப்பில் தாக்கும் விசை. பொருளுக்குள் ஒரு புள்ளியில் தகைப்பைச் சொல்ல ஓர் எண்ணும் போதாது, ஓர் அம்பும் போதாது. எந்தத் திசை பார்த்த வெட்டுமுகம் என்றும் சொல்லவேண்டும். முகத்தின் திசையைக் கொடுத்தால், அதன்மேல் ஓரலகு பரப்புக்குத் தாக்கும் விசையைத் தருவது அந்த டென்சர். 1822 இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி முன்வைத்த எண்ணம் இது. கூறுகள் 9. சமச்சீர் இருப்பதால் 6 தெரிந்தால் போதும்.

வெண்கட்டியின் நீளப்பாட்டுக்கு அச்சு வைத்தால் வழுக்கத் தள்ளும் தகைப்பு மட்டுமே தெரியும். அச்சை 45 பாகை திருப்பினால் அது பூச்சியமாகி, ஒரு திசையில் இழுவையும் அதற்குச் செங்குத்தாக அதே பருமனில் அமுக்கமும் வந்து நிற்கும். எண்கள்தான் மாறின, உள்ளே நடப்பது ஒன்றே. வெண்கட்டி இழுவையைத் தாங்காது. ஆகவே இழுவை உச்சமாக இருக்கும் திசைக்குக் குறுக்கே பிளக்கிறது.

பிறகு பல்கலைக்கழகத்தில் டென்சர் வந்தபோது, அச்சு மாறினால் இன்ன விதிப்படி மாறுவது என்று வரைவிலக்கணம் சொல்லி, எழுத்துகளுக்கு மேலும் கீழும் சுட்டிகளை (கூறுகளைக் குறிக்கும் சிறு எழுத்துகளை) அடுக்கினார்கள். பலருக்கு வெறுத்துப்போனது. எனக்கு அந்த விதி சேரின் அம்பாகவே தெரிந்தது. இத்தாலியக் கணிதர்கள் ரிச்சியும் லெவி-சிவிற்றாவும் 1900 இல் எழுதிவைத்த இந்தக் கணிதத்துக்குள் ஐன்ஸ்டைனும் கணித நண்பர் குரொஸ்மனின் துணையோடுதான் இறங்கினார். 1915 இல் ஈர்ப்பை விளக்கும் அவருடைய பொதுச் சார்பியல் பிறந்தது.

அப்புறம், வேலையில் மென்னுருக்கு (mild steel) தண்டு ஒன்று முறுக்குச் சோதனையில் முறிவதைப் பார்த்தேன். பல சுற்று முறுகி, கடைசியில் குறுக்கே தட்டையாக முறிந்தது. டென்சர் அதே வடிவம்தான். ஆனால் மென்னுருக்கு விட்டுக்கொடுப்பது வழுக்கும் தகைப்புக்கு. நம் பழைய மாணவர் சங்கம் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு உதவும்போது சிறிய முறுக்குச் சோதனைக் கருவி ஒன்றையும் வாங்கிக் கொடுக்கவேண்டும். பிள்ளைகள் இரண்டு முறிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.