டோவர்ல ஒரு போர்க்காலப் பாட்டுக் கச்சேரி

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல குடியிருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு வெரா லின் அங்க பொறந்தவங்கன்னு தெரியாது. 1917ல பொறந்து, ஏழு வயசுலயே கிளப்புகள்ல பாட ஆரம்பிச்சு, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வீட்ட விட்டு எங்கயோ கெடந்த பிரிட்டிஷ் சிப்பாய்ங்களுக்கு ஊரு ஞாபகத்தக் கொண்டுபோய்ச் சேர்த்த குரல் அவங்களோடது. நம்ம மளிகைக்கடையும் தோசைக்கடையும் வரிசையா இருக்கிற அதே ஈஸ்ட் ஹாம். அதனால இங்கிலாந்தோட தென்கிழக்குக் கடற்கரைல இருக்கிற டோவர்ல அந்தக் காலத்துப் பாட்டுகள வச்சு ஒரு மேடை நிகழ்ச்சின்னு தெரிஞ்சதும் நானும் வீட்டுக்காரரும் டிக்கெட் போட்டுட்டோம்.

செயின்ட் பாங்க்ராஸ்ல இருந்து ஹைஸ்பீட் ரயில், ஒரு மணி நேரம் சொச்சம்தான். காலைலயே போய் முதல்ல டோவர் கோட்டைக்கு அடியில இருக்கிற சுரங்கப்பாதைகளப் பார்த்தோம், 1940 மே கடைசில பிரான்ஸ் கரையில இருக்கிற டன்கர்க்ல மாட்டிக்கிட்ட சிப்பாய்ங்க 3,38,000 பேருக்கு மேல கப்பல்லயும் படகுலயும் மீட்டுக் கொண்டுவந்தாங்களே, அந்த வேலை மொத்தத்தையும் பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ராம்சே இங்க உக்காந்துதான் நடத்தினாரு. வெளிய வந்து பார்த்தா வானம் தெளிவா இருந்ததால எதிர்க்கரையில பிரான்ஸ் தெரிஞ்சுது. அவ்ளோ கிட்ட. அங்க இருந்து ஜெர்மன்காரன் 1944 செப்டம்பர் வரைக்கும் பீரங்கிக் குண்டு போட்டுக்கிட்டே இருந்திருக்கான், இந்த ஊர் மேல மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல விழுந்திருக்கு.

சாயங்காலம் ஷோ. சின்ன ஹால்தான், பாதிக்கு மேல வயசானவங்க, சில பேர் தலைமுடிய அந்தக் கால ஸ்டைல்ல சுருட்டி வச்சு செவப்பு லிப்ஸ்டிக் போட்டு வந்திருந்தாங்க. லைட்ட அணைச்சுட்டு எடுத்த எடுப்புல விமானத்தாக்குதல் சைரன் போட்டாங்க பாருங்க, ஏறி எறங்கி ஏறி எறங்கி ஊளையிடுற அந்தச் சத்தம், சும்மா ஸ்பீக்கர்ல வருதுன்னு தெரிஞ்சும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. அப்புறம் ஆபத்து நீங்கிடுச்சுன்னு ஒரே சீரா நீளமா ஒரு சத்தம், அது முடியுற எடத்துல பியானோ ஆரம்பிக்குது. ரொம்ப அழகா யோசிச்சிருக்காங்க.

முதல் பாதி முழுக்க துள்ளல் பாட்டு, மூணு பொண்ணுங்க ராணுவத் தொப்பி வச்சுக்கிட்டு குரல் சேர்த்துப் பாடுனாங்க, ஹாலே கை தட்டுது. நடு நடுவுல ஒருத்தர் அந்தக் காலத்துக் கதை சொல்றாரு. அதுல ஒண்ணு மனசுல நின்னுடுச்சு. 1941ல வெரா லின்னுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி பிபிசி ரேடியோல ஒரு நிகழ்ச்சி குடுத்தாங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் புதுசா புள்ள பெத்த பொண்ணுங்களப் பார்த்து, போர்முனைல இருக்கிற புருஷனுக்கு "கொழந்த பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க"ன்னு ரேடியோலயே சேதி சொல்வாங்களாம். இப்படி உருக்கமா பாடினா சிப்பாய்ங்க மனசு எளகிடும், சண்டை போட மாட்டாங்கன்னு பெரிய மனுஷங்க சில பேர் எதிர்த்திருக்காங்க. எனக்கு அத ஏத்துக்கவே முடியல. வீட்ட நெனைக்கிறவன்தானே திரும்பிப் போகணும்னு தாக்குப் பிடிப்பான்?

இடைவேளைல பக்கத்து சீட் பாட்டிம்மாகிட்ட பேச்சுக் குடுத்தேன். இதே டோவர்தான், தொண்ணூறு வயசாம். 1940ல இந்த ஊர்ப் புள்ளைங்கள ரயில்ல ஏத்தி வேல்ஸுக்கு அனுப்பினாங்கல்ல, அதுல இவங்களும் ஒருத்தங்க. கோட்டுல பேர் எழுதின அட்டையக் குத்தி, கழுத்துல விஷவாயு முகமூடி இருக்கிற அட்டப்பெட்டிய மாட்டிவிட்டாங்களாம். "அந்தக் கயிறு கழுத்த அறுக்கும்"னு விரலால கழுத்த தொட்டுக் காமிச்சாங்க. அம்மா அழுதாங்களான்னு கேட்டேன், ரயில் கெளம்புற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்கன்னு சொன்னாங்க.

ரெண்டாவது பாதில டோவர் வெள்ளைப் பாறை பாட்டு வந்தப்ப அவங்க ஒரு வார்த்தை விடாம பாடுனாங்க. அந்தப் பாட்ட எழுதினது நாட் பர்ட்டன்னு ஒரு அமெரிக்கர், அதுல வர்ற நீலப்பறவை இங்கிலாந்துலயே கெடையாது. அதப் பத்தி இங்க யாருக்கும் கவலை இல்ல, ஊரே அத சொந்தப் பாட்டா எடுத்துக்கிச்சு.

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த விஷயம் கடைசிலதான் வந்துச்சு, பர்மா. 1944ல வெரா லின் அங்க போயி காட்டுக்குள்ளயும் ஆஸ்பத்திரிலயும் பாடியிருக்காங்க, பியானோவ லாரில ஏத்திக்கிட்டு. அங்க சண்டை போட்ட பிரிட்டிஷ் பதினாலாவது படைல பெரும்பாலானவங்க இந்தியாக்காரங்க, பாலமும் ரோடும் போட்டதுல நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற ராணுவப் பொறியாளர் படையும் உண்டு. மேடைல பர்மான்னு சொன்னாங்க, அந்த ஆளுங்களப் பத்தி ஒரு வரி கூட சொல்லல. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ஷோ முடிஞ்சதும் கதை சொன்னவர்கிட்டயே போய்ச் சொன்னேன். பொறுமையா கேட்டாரு, சாப்பர்ஸ் பேர பாக்கெட்ல இருந்த பேப்பர்ல எழுதிக்கிட்டாரு.

போறவங்களுக்கு: கோட்டைக்கு டிக்கெட் வெலை ஜாஸ்தி, ஆனா சுரங்கத்த விட்டுறாதீங்க, உள்ள குளுரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. நாங்க அடுத்து இந்தியா போறப்ப நாகாலாந்து கோஹிமால இருக்கிற அந்தப் போர்ல செத்தவங்க கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கணும்னு திரும்பி வர்ற ரயில்லயே பேசி முடிவு பண்ணிட்டோம்.