பிஸ்கட்டுக்கு 32 அங்குலம்

போன அக்டோபரில் என் குதிரை பிஸ்கட் என்னைக் கடிக்க வந்தான். சேணத்தை முதுகில் ஏற்றும்வரை சாதுவாக நிற்பான். வயிற்றுப் பட்டையை நான் கையில் எடுத்தேனோ இல்லையோ, காது இரண்டும் பின்னால் படுத்துவிடும், வால் விசிறும். அன்றைக்குப் பல்லும் வந்தது. காயடித்த ஆண் குதிரை, குவார்ட்டர் ஹார்ஸ் இனம், வயது 14. வயதானால் கொஞ்சம் முசுடாகத்தான் இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது டெக்சாஸ், சான் அன்டோனியோ. பிஸ்கட் நிற்பது பண்டேரா பக்கம் ஒரு பண்ணையில். சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் காரோட்டிப் போய், மதியம்வரை அவனோடு மேட்டுக்காட்டில் சுற்றிவிட்டு வருவேன்.

அந்தப் பட்டைக்கு இங்கே சிஞ்ச் என்று பெயர். மெக்சிகோ மாடு மேய்ப்பவர்களின் ‘சிஞ்சா’ என்ற ஸ்பானியச் சொல்தான் இப்படி ஆகியிருக்கிறது. சேணத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம் இருக்கும். வலப்பக்க வளையத்திலிருந்து ஒரு குட்டை வார் தொங்கும். அதை மாட்டிவிட்டால் பிறகு தொடவே மாட்டோம். இடப்பக்கம் லாட்டிகோ என்ற நீள வார். இறுக்குவது, தளர்த்துவது எல்லாம் அதில்தான். இந்த இரண்டுக்கும் நடுவே, குதிரையின் நெஞ்சுக்கு அடியில் போகிறது சிஞ்ச். ஆங்கிலத்தில் சுலபமான வேலைக்கும் சிஞ்ச் என்றே சொல்வார்கள். குதிரையிடம் கேட்டுவிட்டுச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

பண்ணைக்காரப் பெரியவர் அன்று வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். கிட்டே வந்து, பட்டையின் இரும்பு வளையத்தை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது யாருடைய சிஞ்ச்?”

பழைய பெண் குதிரையுடையது. சின்ன உடம்பு அவளுக்கு, 28 அங்குலம் சரியாக இருந்தது. நல்ல நிலையில் இருக்கிறதே, எதற்கு வீணாக்க வேண்டும் என்று இவனுக்கும் மாட்டியிருந்தேன். இவன் நெஞ்சு அகலத்துக்கு அது குட்டை. பட்டையின் இரண்டு முனையிலும் உள்ள வளையங்கள் கீழேயே நின்று, முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் தோல் மெல்லிசாக இருக்கும் இடத்தில், அவன் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் உரசியிருக்கின்றன. முடியை விலக்கிப் பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்கு மழித்த மாதிரி சிவந்த தோல்.

தாத்தாவின் வண்டிமாடு நினைவுக்கு வந்தது. அதுவும் செவலை, இவனும் செவலை. நுகத்தடி உரசிக் கழுத்தில் லேசாக முடி கொட்டினாலே போதும், தாத்தா வேப்பெண்ணெய் தடவி, ஆறும்வரை வண்டியில் பூட்ட மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது கண்ணில் படவில்லை.

மூன்று வாரம் சேணமே போடவில்லை. வயிற்றுப்புண் இருந்தாலும் குதிரை இப்படிச் சீறும் என்பதால் மருத்துவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் அளவெடுத்தோம். பேட் (சேணத்துக்கு அடியில் விரிக்கும் மெத்தை), சேணம் இரண்டையும் போட்டு நிற்கவைத்து, தையல்காரர் டேப்பைச் சேணத்தின் ஒரு பக்கத்து வளையத்திலிருந்து வயிற்றுக்கு அடியாக மறுபக்கத்து வளையம்வரை பிடித்தால் 50 அங்குலம். வார்களுக்குப் பக்கத்துக்கு எட்டு ஒன்பது அங்குலம் விட வேண்டும். 50-இல் 18 போக 32. கடையில் இரண்டிரண்டு அங்குல வித்தியாசத்தில் கிடைக்கும், 30, 32, 34 என்று. பெரிதாக வாங்கிவிட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. நீளம் கூடினால் பட்டையின் வளையங்கள் பேட் விளிம்புவரை ஏறிவிடும். மேலே இழுத்து இறுக்க இடமிருக்காது, சவாரி செய்பவர் காலுக்கடியில் கட்டி மாதிரி உறுத்தும். இறுக்கிய பிறகு இரண்டு பக்க வளையமும் ஒரே உயரத்தில், முழங்கைக்கு மேலே எட்டி, பேட் விளிம்புக்குக் கீழே நிற்க வேண்டும். நடுவில் தைத்திருக்கும் சின்ன வளையம் முன்னங்கால்களுக்கு நேர் நடுவில் வர வேண்டும். அது ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் வலப்பக்க வாரை எத்தனையாவது துளையில் மாட்டியிருக்கிறோம் என்று பார்க்கலாம்.

எல்லாரும் முதலில் கேட்பது எந்தப் பொருளில் வாங்கினாய் என்பதைத்தான். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. பழையது நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர், குழாயடியில் காட்டினால் சுத்தமாகிவிடும், ஆனால் வியர்வையும் சூடும் உள்ளேயே தங்கும். டெக்சாஸ் ஆகஸ்டில் அதைக் கழற்றும்போது கஞ்சி வடித்த மாதிரி ஒழுகும். ஆட்டு ரோமத் தோல் மெத்தென்றிருக்கும், ஆனால் ஒட்டுப்புல் விதை ஒன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். நான் எடுத்தது மோஹேர், அங்கோரா ஆட்டின் முடியை முறுக்கிய கயிறுகள் வரிசையாகச் சேர்ந்தது. காற்றுப் போகும், ஒவ்வொரு கயிறும் உடம்புக்கு ஏற்றபடி தனித்தனியாக நெகிழும். அந்த ஆடுகள் வளர்வதும் இங்கேயே மேற்கில், ராக்ஸ்பிரிங்ஸ் பக்கத்து மேட்டு நிலத்தில். விலை குறைந்ததில் ரேயான் கலந்திருக்கும், சீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். 27 கயிறு வைத்து நடுவில் அகன்றதும் உண்டு. அது கயிறு வீசி மாடு பிடிப்பவர்களுக்கு. காட்டுப் பாதையில் ஊர்ந்து போகும் எனக்கு நேர்ப்பட்டை போதும்.

கட்டும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். ஒரே மூச்சில் இறுக்குவதில்லை. முதலில் விழாத அளவுக்கு மட்டும். பத்தடி நடத்தி இன்னும் கொஞ்சம். முன்னங்கால் இரண்டையும் ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து, பட்டைக்கடியில் மடிந்த தோலைச் சரிசெய்துவிட்டு, ஏறும் முன் கடைசியாக ஒரு முறை. விரல் விட்டுப் பார்ப்பது விலாவில் அல்ல, கீழே நெஞ்செலும்பில்.

புண் ஆறிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் வெள்ளை முடி முளைத்திருக்கிறது. அது இனி அப்படியேதான் இருக்கும் என்றார் பெரியவர். கடிக்க வருவது நின்றுவிட்டது. ஆனால் பட்டையைக் கையில் எடுத்தால் காது இன்னமும் பின்னால் போகிறது. ஏழு மாதம் ஆகிவிட்டது. கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். காது முன்னால் வந்த பிறகுதான் மாட்டுகிறேன். போன சனிக்கிழமை நாலு நிமிஷம் ஆனது.